ட்ரோஜனா, நல்ல கோப்பா? ஆன்டிவைரஸ் முடிவைப் படித்துப் புரிந்துகொள்ளும் முறை

இணையத்திலிருந்து ஒரு மென்பொருளைப் பதிவிறக்கிவிட்டீர்கள். திறக்கலாமா என்று சந்தேகம். ஆன்டிவைரஸ் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அதை மட்டும் நம்பித் திறந்துவிடாதீர்கள். நெருங்கிய உறவினர் ஒருவரின் கணினியைச் சுத்தம் செய்துகொடுத்தபோது நான் பின்பற்றிய வழியை அப்படியே எழுதுகிறேன்.

வைரஸ் மற்ற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும். வார்ம் நெட்வொர்க் வழியாகத் தானே பரவும். ட்ரோஜன் என்பது நல்ல மென்பொருள் போல வேடமிட்டு வரும் தீய நிரல். அது இந்த இரண்டையும் செய்வதில்லை. அதை நாம்தான் இயக்கிவைக்கிறோம். ஆகவே அதன் சாமர்த்தியம் முழுவதும் நம்மை நம்பவைப்பதில் இருக்கிறது.

படி 1: கோப்பின் முழுப் பெயரைப் பாருங்கள்

கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடும். 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு திரையில் 'பில்.பிடிஎஃப்' என்றுதான் தெரியும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', அதனுள் 'ஷோ', பிறகு 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள்.

படி 2: ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா?

ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆன்டிவைரஸ்கள் அதைப் பார்த்ததும் எச்சரிக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். அதைப் பதிவிறக்கிப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் உங்கள் ஆன்டிவைரஸ் இயங்குகிறது என்று பொருள். திறமையானது என்று பொருள் இல்லை.

படி 3: கோப்பை அனுப்பாதீர்கள், கைரேகையை அனுப்புங்கள்

கைரேகை என்று நான் சொல்வது எஸ்எச்ஏ-256 மதிப்பை; கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம் அது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 7-ஜிப் மென்பொருளை நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலது கிளிக் செய்து அதை எடுக்கலாம். கட்டளைச் சாளரத்திலும் எடுக்க முடியும். புதியவர்களுக்கு 7-ஜிப்பையே பரிந்துரைப்பேன். கிடைக்கும் 64 எழுத்துகளை வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஒரே நேரத்தில் சுமார் 70 ஆன்டிவைரஸ் எஞ்சின்களின் முடிவைக் காட்டும் தளம் இது. 2012 முதல் கூகுளிடம் இருக்கிறது. அங்கே பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுகின்றன. சம்பளச் சீட்டையோ ஒப்பந்தத்தையோ ஒருநாளும் பதிவேற்றாதீர்கள்.

தேடலில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் கோப்பு நல்லது என்று எண்ண வேண்டாம். லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருளின் நிறுவல் கோப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஒன்று இதுவரை அந்தத் தளத்தின் கண்ணிலேயே படவில்லையா? அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

படி 4: எண்ணைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. 70-க்கு 0, அதாவது எந்த எஞ்சினும் எச்சரிக்கவில்லை என்று பச்சையாக வந்ததும் மனம் நிம்மதியாகிவிடும். அதற்கு முன் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், அந்தக் கோப்பு முதன்முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். மூன்று ஆண்டுகளாக இருக்கும் கோப்புக்கு 0 கிடைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த கோப்புக்கு 0 என்றால் அதற்கு அநேகமாக எந்த மதிப்பும் இல்லை.

காரணம் எளிது. ட்ரோஜன் எழுதுபவர்கள் வெளியிடும் முன் ஆன்டிவைரஸ்களிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். சிக்கினால் கோப்பின் மேலுறையை மாற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே இருப்பது அதே ட்ரோஜன். ஆனால் கைரேகை வேறு. இவற்றை ஒழிப்பதும் எளிதல்ல. எமோடெட் என்ற ஒன்று 2014-ல் வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் ட்ரோஜனாக அறியப்பட்டது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்துவிட்டது. ஆகவே புதிய கோப்பு என்றால் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுத்து 'ரீஅனலைஸ்' கொடுங்கள். அது ட்ரோஜன் என்றால், பூஜ்யம் இருபதாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 70-க்கு 2 என்று வந்தால் பெயர்களைப் படியுங்கள். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' என்று இருந்தாலோ, இறுதியில் 'எம்எல்' (இயந்திரக் கற்றல்) என்று முடிந்தாலோ அது பெரும்பாலும் ஊகம். சிறு நிறுவனங்களின் நேர்மையான மென்பொருள்கள்கூட இப்படி மாட்டிக்கொள்வதுண்டு. பல எஞ்சின்கள் எமோடெட் போன்ற குறிப்பிட்ட ஒரு ட்ரோஜன் குடும்பத்தின் பெயரையே சொன்னால் கோப்பை உடனே அழியுங்கள். ஆனால் பிட்டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் எஞ்சினை வேறு சில நிறுவனங்களும் உரிமம் பெற்றுப் பயன்படுத்துகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் ஐந்து இடத்தில் தெரிந்தால், அது ஒரே கருத்தின் ஐந்து நகல்களாகவும் இருக்கலாம்.

படி 5: இயக்கிவிட்டீர்கள் என்றால்

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனைத் தொடங்குங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். ஒளிந்திருக்கும் ட்ரோஜனுக்கு அப்போது மறைந்துகொள்ள வாய்ப்பு குறைவு. பிறகு வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அத்துடன் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். பல ட்ரோஜன்கள் கடவுச்சொல்லோடு, நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீகளையும் திருடுகின்றன. அவை செல்லுபடியாகும் வரை கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும்.

என் கருத்தில் வீட்டுக் கணினிக்கு டிஃபெண்டரே போதும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடாதீர்கள்; ஒன்றை ஒன்று தடுக்கும்.

பின்னர் சேர்த்தது: 'கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பை ஸ்கேன் செய்தேன், சுத்தம் என்கிறதே' என்று சிலர் கேட்டிருந்தார்கள். பூட்டிய ஜிப்பின் உள்ளே ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது. பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் கோப்பின் கைரேகையை எடுத்து மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று அந்த ஜிப்போடு ஒரு குறிப்பும் வந்திருந்தால் இத்தனை சோதனையும் தேவையில்லை, அழித்துவிடுங்கள்.