பர்க் என்ற குடும்பப் பெயர்: வேரைத் தேடிப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

அயர்லாந்தின் பர்க் (Burke) வம்சாவளியைப் புதிதாகத் தேடத் தொடங்கியவர்கள் வரைந்து கொண்டுவரும் குடும்ப மரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பத்தில் எட்டு ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும். அடியில் பாஸ்டனிலோ சிட்னியிலோ இறந்துபோன ஒரு கொள்ளுத்தாத்தா. உச்சியில் 1066, ஹேஸ்டிங்ஸ் போர், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வெற்றிவீரன் வில்லியம். நடுவில் எண்ணூறு ஆண்டுகள். அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வயிற்றெரிச்சல்.

தேதியை மாற்றி எழுதுவது, அத்தையைப் பாட்டியாக்குவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே எடுக்கவில்லை. இரண்டு மாதம் ஆவணங்களோடு உட்கார்ந்தால் அவை தாமாகவே சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

பெயருக்குள் பிரான்ஸைத் தேடுவது

பர்க் என்பதன் பழைய வடிவமான 'டி பர்க்' என்பதில் 'டி' பிரெஞ்சு, 'பர்க்' பழைய ஆங்கிலம். அரண் சூழ்ந்த ஊர் என்று பொருள். குடும்பம் பெயரெடுத்த ஊர் நார்மண்டியில் இல்லை; இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், எய்ல்ஷம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நார்மண்டி வரைபடத்தில் 'பர்க்' என்று ஒலிக்கிற கிராமத்தைத் தேடி அலைவது வீண்வேலை. இங்கிலாந்தில் குடியேறிய நார்மன்களின் (ஆங்கிலோ-நார்மன்) பெயர் என்றால் ஊரும் பிரான்சில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

இரண்டு வில்லியம்களை ஒருவராக்குவது

இதுதான் பெரிய தவறு. நூற்றாண்டுகளாக அச்சுப் புத்தகங்களில் இருந்தது, அங்கிருந்து இணையத்துக்குத் தாவி, இப்போது ஒரு சொடுக்கில் யார் மரத்தில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிறது.

முதல் ஆள் வில்லியம் ஃபிட்ஸ் ஆல்டெல்ம், அதாவது ஆல்டெல்மின் மகன் வில்லியம். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியின் அரண்மனை அதிகாரி. 1171-இல் மன்னனோடு அயர்லாந்துக்கு வந்தவர். 1176-இல் அயர்லாந்தில் இருந்த நார்மன் தலைவர் ஸ்ட்ராங்போ இறந்ததும் மன்னனின் பிரதிநிதியாக டப்ளினில் ஆட்சி செய்தவர். பிறகு இங்கிலாந்து திரும்பி, கம்பர்லாந்தின் ஷெரிஃபாக இருந்தவர். 1198-க்குப் பின் ஆவணங்களில் அவர் தடம் இல்லை.

இரண்டாவது ஆள் வில்லியம் டி பர்க். இங்கிலாந்தின் தலைமை நீதி அதிகாரியாகவும் கென்ட் பிரபுவாகவும் உயர்ந்த ஹியூபர்ட் டி பர்க்கின் அண்ணன். 1185-இல் இளவரசன் ஜானோடு அயர்லாந்துக்கு வந்து, லிமெரிக், டிப்பரரி பகுதிகளில் நிலம் பெற்று, மேற்கே கன்னாட் மாகாணத்துக்கும் உரிமைப் பட்டயம் வாங்கியவர். 1205-06 குளிர்காலத்தில் இறந்தார். அயர்லாந்துப் பர்க்குகளின் மூலவர் இவர்தான்.

பெயர் ஒன்று, நாடு ஒன்று, காலமும் ஏறத்தாழ ஒன்று. பழைய காலக் குடிவழி எழுத்தாளர்கள் இருவரையும் சேர்த்து 'வில்லியம் ஃபிட்ஸ் ஆல்டெல்ம் டி பர்க்' என்று ஒரே ஆளாக்கிவிட்டார்கள். இதனால் என்ன கெட்டுப்போனது? டி பர்க்கின் தந்தை இடத்தில் ஆல்டெல்ம் வந்து உட்கார்ந்தார். ஆல்டெல்முக்குத் தந்தையாக மோர்டைன் கோமகன் வில்லியம் வந்தார். அவருடைய தந்தை ராபர்ட், வெற்றிவீரன் வில்லியமுக்கு ஒரே தாய் வயிற்றுத் தம்பி. அங்கிருந்து பேரரசர் சார்லமேன் வரை ஏணி போட்டாயிற்று.

இந்த ஏணியை உடைக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மோர்டைன் வில்லியம் 1106-இல் டின்ஷ்ப்ரே போரில் பிடிபட்டுச் சிறைக்குப் போய், தன் நிலத்தை எல்லாம் இழந்தவர். அவருக்கு இப்படி ஒரு வாரிசு இருந்ததாக அந்தக் காலத்து ஆவணம் எதுவும் சொல்லவில்லை. ஹியூபர்ட், வில்லியம் சகோதரர்களைப் பொறுத்தவரை உறுதியாக எட்ட முடிவது ஆலிஸ் என்ற தாயின் பெயர் வரைதான். நார்ஃபோக்கின் நடுத்தர நிலவுடைமைக் குடும்பம் அது. அரச ரத்தம் உள்ளவனாக இருந்திருந்தால், ஹியூபர்ட்டை 'எங்கிருந்தோ வந்தவன்' என்று சக பிரபுக்கள் அவ்வளவு இளப்பமாக நடத்தியிருக்க மாட்டார்கள்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: உங்கள் மரத்தில் 'ஆல்டெல்ம்', 'அட்லெம்', 'ஹார்லோவன்' என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மேலே உள்ள அத்தனை பெயர்களையும் வெட்டிவிடுங்கள். நாற்பது பெயர் போகும், போகட்டும். இந்த ஒட்டு மரத்தைச் சரிபார்க்கிறேன் என்று நார்மண்டி மடங்களின் பட்டயத் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்கி, வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸில் வில்லியமோடு நின்றார் என்று சமகாலச் சான்றோடு பெயர் சொல்லக்கூடியவர்களே இருபது பேரை ஒட்டித்தான். பின்னாளில் எழுதிய நீண்ட பட்டியல்களில் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது.

இந்தத் தவறின் வேர், மேலிருந்து கீழே இறங்குவது. மூலவரை முதலில் முடிவு செய்துகொண்டு, அவருடைய சந்ததிகளில் நம் ஆள் எங்கே என்று தேடினால், எங்காவது ஒரு 'ஜான் பர்க்' கிடைத்தே தீருவார். மாறாக, உங்களிடமிருந்து மேலே ஏறுங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் பிள்ளையையும் பெற்றோரையும் ஒரே தாளில் இணைக்கிற ஆவணம் ஒன்று வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கோடு நிற்க வேண்டும்.

அப்படி ஏறினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அயர்லாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-இல் தொடங்குகிறது. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் மட்டும் 1845-இலிருந்து. பிறப்புக்கு நூறு, திருமணத்துக்கு எழுபத்தைந்து, இறப்புக்கு ஐம்பது ஆண்டுகள் கடந்த பதிவுகளின் படம் இணையத்தில் இலவசம். கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் மேற்கு மாவட்டங்களில் பல இடங்களில் 1820-களுக்குப் பிறகே தொடங்குகின்றன. முழுமையாகக் கிடைக்கிற முதல் மக்கள்தொகைக் கணக்கு 1901. அதற்கு முந்தியவற்றில் 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்தது. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. சாதாரண விவசாயக் குடும்பம் என்றால் 1800-ஐத் தொடுவதே பெரிய காரியம்.

பர்க் என்று மட்டும் தேடுவது

1333-இல், மேலே சொன்ன மூலவரின் வழிவந்த இன்னொரு வில்லியம் டி பர்க்கை, வடக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் பிரபுவை, அவருக்கு இருபது வயதில், இன்றைய பெல்ஃபாஸ்ட் அருகே சொந்த ஆட்களே கொன்றார்கள். ஒரே வாரிசு கைக்குழந்தை எலிசபெத். ஆங்கிலச் சட்டப்படி சொத்து அவளுக்கு. அவளை மூன்றாம் எட்வர்டின் மகன் லியோனலுக்கு மணமுடித்தார்கள். 1461-இல் அந்தப் பட்டம் அரச கிரீடத்தோடு சேர்ந்தது. ஆனால் கன்னாட்டில் இருந்த பங்காளிகள் விடவில்லை. பெண் வழிக்கு நிலம் போகாது என்று ஐரிஷ் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பங்கு போட்டார்கள். கால்வேயில் மேல் மாக் வில்லியம், மேயோவில் கீழ் மாக் வில்லியம். லிமெரிக்கில் கிளான்வில்லியம் தனி.

தேடுபவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஐரிஷ் மொழிக்கும் வழக்கத்துக்கும் மாறிய இந்தக் கிளைகள் பெயரையும் மாற்றிக்கொண்டன. தகப்பன் பெயரிலிருந்து புதுப் பெயர்கள் முளைத்தன. ஜெனிங்ஸ், ஃபில்பின், மேயோவின் கிப்பன்ஸ், கால்வேயின் மாக்ஹியூகோ எல்லாம் பர்க் கிளைகள். பர்க் என்ற பெயரில் 1700-க்கு முன் தடம் மறைந்தால் அந்தப் பக்கமும் பாருங்கள். இலத்தீன் பதிவில் 'டி பர்கோ', ஐரிஷில் 'டி பூர்கா'. ஆங்கிலத்தில் அதே ஒலியை Bourke, Burke என்று நடுவில் 'ஓ' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுவார்கள். மேயோவில் 'ஓ' அதிகம், கால்வேயில் குறைவு. ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்றும் வரும். எழுத்தை வைத்துக் கிளையைத் தீர்மானிக்க முடியாது.

'மாக்' ஐரிஷ், 'ஃபிட்ஸ்' நார்மன்

இல்லை. இரண்டுக்கும் 'மகன்' என்றுதான் பொருள்; அதை வைத்துக் குடும்பத்தின் மூலத்தைச் சொல்ல முடியாது. ஃபிட்ஸ்பேட்ரிக் பழைய ஐரிஷ் குடும்பம். காஸ்டெல்லோ 'மாக்' சேர்த்து உருவான பெயர், குடும்பமோ நார்மன்.

எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார்

மாற்றவில்லை. நியூயார்க்கின் அந்தக் குடியேற்ற நிலையத்தில், கப்பலில் ஏறும்போது எழுதிய பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. 1840-களின் அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் போனவர்களுக்கு எல்லிஸ் தீவே கிடையாது. அது 1892-இல் திறந்தது.

டவுன்லாண்ட் தெரியாமல் கடல் தாண்டுவது

அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு டவுன்லாண்ட். அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 'மேயோ மாவட்டம், ஜான் பர்க்' என்பதை மட்டும் வைத்து அயர்லாந்துப் பதிவேட்டில் இறங்கினால், ஊரில் உள்ள எல்லா ஜானும் உங்கள் தாத்தாதான். டவுன்லாண்ட் பெயரை முதலில் குடியேறிய நாட்டிலேயே தேடி எடுங்கள். கல்லறை வாசகம், அங்கே நடந்த கத்தோலிக்கத் திருமணப் பதிவு, நியூயார்க் என்றால் 1850-இல் தொடங்கிய குடியேறிகள் சேமிப்பு வங்கியின் கணக்குப் புத்தகங்கள், ஆஸ்திரேலியா என்றால் கைதிக் கப்பல் பட்டியல். 1906-க்கு முந்திய அமெரிக்கக் குடியுரிமைத் தாளை நம்பி உட்காராதீர்கள்; பெரும்பாலும் 'அயர்லாந்து' என்பதோடு முடிந்துவிடும். நேரடி முன்னோரிடம் கிடைக்காவிட்டால் கூடப் போன அண்ணன் தம்பி, ஞானப்பெற்றோர் வழியாக வளைத்துப் பிடியுங்கள்.

டவுன்லாண்ட் கிடைத்ததும் 1847 முதல் 1864 வரை வரிக்காக எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டைத் திறக்கலாம். ஒரே டவுன்லாண்டில் மூன்று ஜான் பர்க் இருந்தால், பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருக்கும். 'ஜான் பர்க் (மைக்கேல்)' என்றால் பெரும்பாலும் மைக்கேலின் மகன் ஜான். அதற்குப் பிந்திய திருத்தப் புத்தகங்களில் ஆண்டுக்கு ஒரு நிற மையில் பெயரை அடித்து எழுதியிருப்பார்கள். மை மாறிய ஆண்டை ஒட்டி இறப்புப் பதிவைத் தேடினால், பல சமயம் ஆள் சிக்குவார்.

குடும்பச் சின்னம்

பர்க் சின்னமான, தங்க நிறப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது குறிப்பிட்ட ஆட்களுக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. கடையில் விற்பது அலங்காரப் பொருள்.

மரபணுச் சோதனை

ஆண் வழிச் சோதனையில் 12 மரபணுக் குறிகளை (markers) மட்டும் பார்ப்பது காசுக்குக் கேடு. 37 தொடக்கம், 111 பயன் தரும். பொருத்தம் வராவிட்டால் ஆவணம் பொய் என்று ஆகாது; தத்து, பெண் வழி, பிரபுவின் பெயரை எடுத்துக்கொண்ட குடிமக்கள் எல்லாம் உண்டு.

பிரபலங்களோடு ஒட்டிக்கொள்வது

எட்மண்ட் பர்க் என் பாட்டனாரின் பாட்டனார் என்பவர்களுக்கு ஒரே பதில்: அவருடைய ஒரு மகன் சிறுவயதில் இறந்தான்; இன்னொரு மகன் ரிச்சர்ட் 1794-இல், தந்தைக்கு முன்பே, மணமாகாமல் இறந்தார். நேர்வழிச் சந்ததியே கிடையாது. ஆர்க்காடு நவாபின் கடன்கள் பற்றி 1785-இல் நாடாளுமன்றத்தில் முழங்கியவர் என்பதால் அவர் பெயர் நமக்கும் பரிச்சயம்தான். ஆனால் பரிச்சயம் உறவாகாது.

எதிர்த் தவறும் உண்டு. பட்டம் பெற்றவர்கள் பெயர்ப் பட்டியலில் குடும்பப் பெயரில் இருக்க மாட்டார்கள். 1872-இல் அந்தமானில் கொலையுண்ட வைஸ்ராய் மேயோ பிரபு, ரிச்சர்ட் பர்க். அவர் தம்பி ராபர்ட் பர்க் 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநர். அவரைப் பதிவுகளில் 'ப' வரிசையில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி அவருடைய பட்டமான கன்னிமாரா என்ற பெயரில் இருக்கிறது. எழும்பூர் நூலகத்தின் பெயர் அதே கன்னிமாராதான், கால்வேயின் மேற்குக் கரைப் பகுதி. கன்னிமார் சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.