டேலி மாற்றுகிறீர்களா? விரல்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்

மதுரையில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்குப் பகுதி என் பொறுப்பு. பில் போட இரண்டு பேர், கொள்முதலுக்கு ஒருவர், குடோனில் ஒரு தம்பி, அப்புறம் நான். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் பழைய பதிப்பான ஈ.ஆர்.பி. 9-லேயே பல வருஷம் ஓட்டிவிட்டு, புதிய பதிப்பான டேலி பிரைமுக்கு மாறினோம். மாறிய இரண்டாம் நாளே ஒரு தப்பு நடந்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

பில் போடும் அக்கா கீபோர்டைப் பார்ப்பதே இல்லை. திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் (பார்ட்டியின் பாக்கியைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும் என்றால் விரல் தானாக கண்ட்ரோல் எஃப் 8-க்குப் போகும். ஈ.ஆர்.பி. 9-இல் அது சரி. பிரைமில் அதே கீ சேல்ஸ் ஆர்டரைத் திறக்கும், அது வெறும் ஆர்டர் குறிப்புதான், கணக்கைத் தொடாது. கட்டம் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பார்ட்டி பெயர், சரக்கு, விலை எல்லாம் கேட்கும். அக்கா நிரப்பி, சேவ் செய்ய கண்ட்ரோல் ஏ அடித்துவிட்டார். சரக்கு இருப்பு ஏறவில்லை, பார்ட்டியின் பாக்கியும் குறையவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த பார்ட்டி போன் செய்து, "மாலைத் திருப்பி அனுப்பினேனே, ஏன் இன்னும் முழுப் பணத்தைக் கேட்கிறீர்கள்?" என்றபோதுதான் தெரிந்தது.

அதனால் பயிற்சியை மெனுவில் தொடங்காதீர்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நாள் உட்கார்ந்து, அவர் அன்றாடம் எந்தெந்த கீயை அடிக்கிறார் என்று தாளில் எழுதுங்கள். அப்புறம் மாறியவற்றை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். எஃப் 4 முதல் எஃப் 9 வரை கான்ட்ரா, பேமென்ட், ரிசீட், ஜர்னல், சேல்ஸ், பர்ச்சேஸ் எல்லாம் பழையபடியேதான். அதைப் பாடமாக நடத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிரெடிட் நோட் இனி ஆல்ட் எஃப் 6, நாம் வாங்கிய சரக்கைத் திருப்பும்போது போடும் டெபிட் நோட் ஆல்ட் எஃப் 5. இதில்தான் வில்லங்கம்: பழைய டேலியில் ஆல்ட் எஃப் 5 என்றால் சேல்ஸ் ஆர்டர். பழக்கதோஷத்தில் ஆர்டர் எழுதப் போனவர் டெபிட் நோட் போட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கப் பழையபடி எஃப் 1 அடித்தால் இப்போது ஹெல்ப் வரும். அதில் நஷ்டமில்லை, எரிச்சல்தான்.

"பழைய மெனுவில் இருந்த அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ எங்கே போச்சு?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே பதில்: ஆல்ட் ஜி அடித்து, வேண்டியதன் பெயரை டைப் செய். மெனுவை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பழக ஒரு தனி கம்ப்யூட்டரில் பிரைமை எஜுகேஷனல் முறையில் போட்டுக்கொள்ளலாம், லைசென்ஸ் தேவையில்லை. மாதத்தில் 1, 2 மாதிரி ஒருசில தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும், பழகுவதற்கு அது போதும். மாதிரி கம்பெனி, கற்பனைச் சரக்கு எல்லாம் வேண்டாம். போன வாரத்து உங்கள் பில் கட்டையை எடுத்துக் கொடுங்கள். தள்ளுபடி, லாரி வாடகை, பாதி திரும்பி வந்த சரக்கு என்று சிக்கலான பத்து பில் இருந்தால் நல்லது. மாலை 4 மணிக்குக் கூட்டம் குறையும்போது தினம் அரை மணி நேரம், ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், நியாயம்தானே?

பிரின்டிங்கை மறக்காதீர்கள். எங்கள் பில்லில் லாரி நம்பர் வர ஒருவர் எப்போதோ டிடிஎல் (டேலியில் கூடுதல் வசதி சேர்க்கும் சின்ன புரோகிராம்) எழுதிக் கொடுத்திருந்தார். புதியதில் அது ஓடவில்லை. லோடு ஏற்றிய லாரி வாசலில் நிற்க, டிரைவர் கவுன்டரில் தட்டிக்கொண்டிருக்க, பேனாவால் நம்பரை எழுதிக் கொடுத்தேன். உங்களிடம் இப்படி என்னென்ன ஒட்டு வேலை இருக்கிறது என்று முன்பே பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் காகிதத்தில் அடித்துப் பாருங்கள்.

நாள் பார்ப்பது முக்கியம். மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர் 1-க்கு 11-ஆம் தேதி, வரி கட்டும் 3பி-க்கு 20-ஆம் தேதி கெடு. அதனால் 20 தாண்டிய முதல் சனிக்கிழமை இரவுதான் தோது. மார்ச்சும் தீபாவளிக்கு முந்தைய மாதமும் கிட்டவே வேண்டாம். அன்று இரவு டிரையல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, வர வேண்டிய பாக்கி மூன்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு, பேக்கப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். பிரைம் 3.0-விலிருந்து பழைய டேட்டாவை மைக்ரேட் செய்துதான் திறக்க முடியும். அப்படி மாற்றியதைப் பழைய டேலி திறக்காது. மாற்றி முடித்ததும் அந்த மூன்று தாளையும் திரையோடு ஒத்துப்பாருங்கள். பைசா இடித்தாலும், பேக்கப்பை வைத்து திங்கட்கிழமை கடையைப் பழைய டேலியிலேயே திறங்கள்.

முதல் மூன்று நாள் நான் என் அறைக்கே போகவில்லை, பில் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அந்த கிரெடிட் நோட் என் கண்ணில் படவில்லை. தினமும் கடை சாத்தும் முன் டே புக்கில் (அன்றைய என்ட்ரிகளின் பட்டியல்) அது சேல்ஸா, கிரெடிட் நோட்டா என்று காட்டும் வவுச்சர் டைப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். இப்போது அந்த வேலையை அக்காவே செய்கிறார்.