எம்.எஸ். உள்ளவர் எடை குறைக்க, வீட்டார் செய்ய வேண்டியவை

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய். அது உள்ளவர் காலையில் அளவாகத்தான் சாப்பிடுவார். சாயங்காலம் நாலு மணிக்கு அசதி அடித்துப்போடும். எழுந்து சமைக்கத் தெம்பில்லாமல், கைக்கு எட்டுகிற மிக்சர் டப்பாவைத் திறப்பார்.

அதனால் முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, அப்போது அசதி பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதட்டும். விரல் மரத்துப்போனவர் போனில் பேசிப் பதிவு செய்யலாம்.

அடுத்த வாரம் அசதி ஏழைத் தாண்டும் நேரத்துக்கு அரை மணி முன்னதாக ஒரு கப் சுண்டலும் மோரும் தயாராக இருக்கட்டும். சுண்டலைக் காலையிலேயே வேகவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். வேலூர் வெயிலுக்கு மத்தியானமே ஊசிப்போகும். மிக்சரையும் மக்கன் பேடா இனிப்பையும் பரணில் ஒளிக்காதீர்கள். ஸ்டூல் போட்டு ஏறினால் விழுவார். வாங்காமல் இருப்பதே மேல்.

எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு 40 கலோரிக்கு மேல். முள்ளு கத்தரிக்காயை வதக்கினால் எண்ணெயைக் குடிக்கும்; வேகவைத்துக் கடைந்தால் தாளிக்க ஒரு ஸ்பூன் போதும். இட்லிக்கு அந்தக் கடைசலே பொருத்தம்.

எடை வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில். மெஷினைச் சுவரோரம் வைத்து ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் சுவரைப் பிடித்தபடி நின்றால் எடை குறைத்துக் காட்டும். ஸ்டீராய்டு ஏற்றிய வாரங்களில் நீர் கோத்து, பசியும் கூடும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள். 80 கிலோக்காரருக்கு ஆறு மாதத்தில் 4 கிலோ நல்ல இலக்கு.

நடை வேலூர் கோட்டைப் பூங்காவிலோ தெருவிலோ, வெயில் ஏறுமுன். ஐந்து நிமிடம் நடை, இரண்டு நிமிடம் உட்கார்தல், கழுத்தில் ஈரத்துண்டு. உடம்பு சூடானால் பார்வை மங்கும், கால் இழுக்கும், குளிர்ந்ததும் சரியாகும். காய்ச்சல் இல்லாமலே ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிறு பத்து நிமிடம் பேசுங்கள். "எவ்ளோ குறைஞ்சுது?" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் நோட்டு காணாமல் போகும். "அக்கா, எந்த நாள் சரியா வரல? அப்ப அசதி எப்டி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அதிலிருந்து ஒரே ஒரு மாற்றம்.

அடிக்கடி சிறுநீர் வருகிறதென்று தண்ணீரைக் குறைப்பார்கள். மலச்சிக்கல் கூடும், தாகத்தைப் பசியென்று நினைத்துச் சிலர் சாப்பிடவும் கூடும். பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, படுக்க இரண்டு மணி முன் நிறுத்தட்டும்.