பழைய செட்டிநாட்டுப் பெயரின் வேர், பொருள், புழக்கம்: நீங்களே தேடுவது எப்படி?

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தால் பெயருக்கு அதிகம் யோசிப்பதில்லை. மூத்த பெண்ணுக்கு அப்பத்தா (அப்பாவின் அம்மா) பெயர், அடுத்தவளுக்கு ஆயா (அம்மாவின் அம்மா) பெயர். ஆண்பிள்ளைகளுக்கும் அதே வரிசையில் இரண்டு பக்கத்து ஐயா (தாத்தா) பெயர்கள். அந்தப் பெயர் மீனாட்சி, சிவகாமி என்று இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். உண்ணாமலை, கண்ணாத்தாள், சிகப்பி, பிச்சம்மை என்று இருந்தால் பள்ளிக்கூடத்தில் தொடங்கி பாஸ்போர்ட் வரைக்கும் "இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வி கூடவே வரும்.

என் அண்ணன் மகள் பெயர் உண்ணாமலை. அவள் கேட்டதற்காகத்தான் தேட ஆரம்பித்தேன். பதில் கிடைத்துவிட்டது. தேடிய வழியை வரிசையாக எழுதிவைக்கிறேன். உங்கள் வீட்டுப் பெயர் வேறாக இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். குழந்தைப் பெயர் இணையதளங்களுக்குப் போகாதீர்கள். எழுத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் உண்ணாமலை "சாப்பிடாத மலை" ஆகிவிடும். செட்டிநாட்டுப் பழைய பெயர்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கோயிலில் இருக்கும் அம்மன் பெயரோ சாமி பெயரோதான். வாயில் புழங்கித் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் குடும்பத்திலிருந்து கோயிலுக்குப் போக வேண்டும்.

படி 1: வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

வீட்டில் கூப்பிடுவது, ரேஷன் கார்டில் உள்ளது, பத்திரத்தில் உள்ளது, கல்யாணப் பத்திரிகையில் உள்ளது என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். உமையாள், உமயாள், விசாலாட்சி, விசாலம், சாலா, மீனாட்சி, மீனாள் என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவம் இருப்பது சாதாரணம். திருமணமான பெண்கள் பெயருக்குப் பின்னால் வரும் "ஆச்சி" மரியாதைக்குச் சேர்ந்தது. அதைப் பெயரில் சேர்க்காதீர்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறையில் கிடையாது. அப்பத்தாவின் பெயரை அம்மாவிடம் கேட்டால் "அதான் உங்க அப்பத்தா" என்றுதான் பதில் வரும். அத்தையிடம் கேளுங்கள், இல்லையென்றால் அப்பத்தாவுடன் பிறந்தவர்களின் வீட்டில் கேளுங்கள்.

படி 2: தாள்களைப் படிப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். நிறையப் பேர் விட்டுவிடுவதும் இங்கேதான்.

முதலில் தேட வேண்டியது இசைகுடிமானம். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், திருமணத்தில் எழுதப்படும் அந்த ஒப்பந்தத்தில் பெண், மாப்பிள்ளை, இருவரின் தகப்பனார், ஊர், கோயில் எல்லாம் இருக்கும். அதில் எழுதிய வடிவமே வீட்டார் ஒப்புக்கொண்ட முழுப்பெயர். அடுத்து கல்யாணப் பத்திரிகைகள், கல்யாணச் சாமான் பட்டியல் எழுதிய சிட்டைகள், பழைய பத்திரங்கள். பத்திரிகையில் விலாச எழுத்துகள் (பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் தலைப்பெழுத்துகள்) நீளமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு தலைமுறை. ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் குடும்பத்தில் யார் எந்த உண்ணாமலை என்று பிரித்துக் காட்டுவது அந்த எழுத்துகள்தான்.

சிக்கல் எழுத்து வடிவில் வருகிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ணா, றா, னா எழுத்துகளுக்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தோடு சேர்ந்த சுழியாக இருக்கும். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். உண்ணாமலை என்ற பெயரில் ணா, லை இரண்டும் வருகின்றன. ஐந்து எழுத்துப் பெயரில் இரண்டு எழுத்து இன்றைய பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத வடிவம். அண்ணாமலைக்கும் அதே கதை. முதல் எழுத்து மங்கியிருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. மணமகன் வரிசையில் இருக்கிறதா, மணமகள் வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழி என்னவென்றால், 1978க்கு முன் அச்சான ஏதாவது ஒரு பழைய வார இதழையோ பாடப்புத்தகத்தையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வகை எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். அரைமணி நேர வேலை. பிறகு எந்தப் பழைய பத்திரிகையும் தடையில்லாமல் படிக்க வரும். கூகுள் லென்ஸ் இப்போதைய அச்சுக்கு நல்ல கருவி. பழைய எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நான் அதை நம்புவதில்லை. கண்தான் நம்பகம்.

ஆண்டு இன்னொரு தடை. பத்திரிகையில் "சுபானு வருஷம்" என்று இருந்தால் அது 1943-44ஆகவும் இருக்கலாம், 2003-04ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்று. தாளின் பழமையும் எழுத்து வடிவமும் எந்தச் சுற்று என்று சொல்லிவிடும். வருஷம் சித்திரையில் தொடங்குவதால், தை மாசிக் கல்யாணமென்றால் ஆங்கில ஆண்டில் பிந்தையதை எடுங்கள். மாவட்டப் பெயரையும் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் பிரிந்தது 1985இல். அதற்கு முன் காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் இராமநாதபுரம் மாவட்டம். "இராமநாதபுரம் ஜில்லா" என்று பார்த்துவிட்டு வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

வீட்டில் தாள்களே மிஞ்சவில்லை என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சுத்தாள்களை வைத்து 1994இல் தொடங்கியது. நம் ஊர்க்காரர் ஒருவர் இவ்வளவையும் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய நிறைவு.

படி 3: பின்னொட்டைக் கழற்றுங்கள்

அம்மை, ஆத்தாள், ஆள், அப்பன் ஆகியவற்றை எடுத்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். கண்ணாத்தாளில் மிஞ்சுவது கண். நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி அம்மன் இருக்கிறாள். ஊரில் அவளையே கண்ணாத்தாள் என்றுதான் சொல்வார்கள். ஒரே நிமிடத்தில் வேர் கிடைத்துவிட்டது. எல்லாப் பெயரும் இப்படிச் சுலபமாக வராது. உண்ணாமலையில் கழற்றுவதற்கு எதுவும் இல்லை.

படி 4: கோயிலில் பொருத்திப் பாருங்கள்

முதலில் உங்கள் நகரக் கோயில். நகரத்தார் பிரிவுகளுக்கு உரிய ஒன்பது கோயில்களில் எது உங்களுடையதோ அதன் சுவாமி, அம்மன் பெயர்கள். இளையாத்தங்குடியில் நித்தியகல்யாணி, இரணியூரில் சிவபுரந்தேவி, பிள்ளையார்பட்டியில் வாடாமலர்மங்கை. அடுத்து குலதெய்வம், ஊர் அம்மன். அப்புறம் குடும்பம் நேர்ந்துகொண்டு போய்வந்த வெளியூர்க் கோயில்கள்.

உண்ணாமலைக்குப் பதில் மூன்றாவதில் இருக்கிறது. திருவண்ணாமலையில் அம்மன் பெயர் உண்ணாமுலை. வடமொழியில் அபீதகுசாம்பாள் என்பார்கள், அதற்கும் அதே பொருள்தான்: பால் உண்ணப்படாத முலையுடையவள். பிள்ளையாரும் முருகனும் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் அல்ல, உலகத்துக்கே தாயானவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளில்லை என்பது உள்ளே இருக்கும் நம்பிக்கை. பெயர் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று தேவாரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருவண்ணாமலைப் பதிகம், முதலாம் திருமுறையில் 10ஆவது, "உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்" என்றுதான் தொடங்குகிறது. உண்ணாமலை, உமையாள் என்று நம் வீடுகளில் இரண்டு ஆச்சிமார் பெயர் அந்த ஒரே வரியில் இருக்கிறது. அண்ணன் மகளுக்கு இதைப் படித்துக் காட்டியபோது பதிகம் முழுவதையும் எழுதித் தரச் சொன்னாள்.

முலை எப்படி மலையாயிற்று? அண்ணாமலை என்ற ஆண்பெயர் பக்கத்திலேயே புழங்கியதும், பெண்பிள்ளையைத் தெருவில் கூப்பிட எளிதாக இருக்க வேண்டும் என்பதும்தான் காரணம் என்பது என் முடிவு. அண்ணாமலை என்றால் அண்ண முடியாத, நெருங்க முடியாத மலை. அடியும் முடியும் காணமுடியாமல் நின்ற கதை அதற்குள் இருக்கிறது.

கருவி என்று கேட்டால், பாடலுக்குத் தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளம், சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன். லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். வேறெதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

படி 5: எவ்வளவு புழக்கம்?

அமெரிக்காவில் 1880 முதல் ஆண்டுவாரியாகப் பெயர்க் கணக்கு வெளியிடுகிறார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. கூகுள் டிரெண்ட்ஸ் வேண்டாம். ஒரு சொல்லை எத்தனை பேர் தேடினார்கள் என்றுதான் அது காட்டும், எத்தனை பேருக்கு அந்தப் பெயர் என்று காட்டாது.

இருப்பதில் நல்லது வாக்காளர் பட்டியல். காரைக்குடி தொகுதி எண் 184, திருப்பத்தூர் 185, புதுக்கோட்டை மாவட்டப் பக்கம் என்றால் திருமயம் 181. உங்கள் ஊருக்கான பாகங்களை இறக்கி, பெயர், வயது, பாலினம் மூன்றையும் பாருங்கள். அறுபதுக்கு மேல், நாற்பது முதல் அறுபது வரை, நாற்பதுக்குக் கீழ் என்று மூன்று கட்டம் போட்டு எண்ணுங்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய விவரத்தையும் எடுத்து எங்கேயும் போடக்கூடாது.

எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பாட்டி பெயர் பேத்திக்குப் போவதால் நடுத் தலைமுறையில் பெயர் காணாமல் போனது போலத் தெரியும். அழிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள், ஒரு தலைமுறை தாண்டித் திரும்ப வரும். இன்னொன்று, நம் வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் சென்னை, கோவை, பெங்களூரு, வெளிநாடு என்று இருக்கிறார்கள். ஊர்ப் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள். அதனால் நான் பட்டியலை விடக் கல்யாணப் பத்திரிகைகளையே அதிகம் நம்புகிறேன். உறவு வீடுகளில் சேர்ந்திருக்கும் பத்திரிகைகளை வாங்கிப் பெண் பெயர்களை மட்டும் பத்தாண்டு வாரியாக எழுதினால் போதும், போக்கு தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை 1: "சிகப்பிக்கும் பிச்சம்மைக்கும் கோயில் தேடிக் கிடைக்கவில்லை" என்று தேவகோட்டை வாசகி ஒருவர் எழுதியிருந்தார். எல்லாப் பெயரும் அம்மன் பெயர் அல்ல. சிகப்பியில் சிகப்பு என்ற சொல்லே நிற்கிறது. முந்தைய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், தெய்வத்திடம் பிச்சையாகக் கேட்டு வாங்கிய பிள்ளைக்குப் பிச்சை என்று வைப்பது தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம். பிச்சம்மை, பிச்சப்பன் என்றால் கோயிலைத் தேடுமுன், அந்தப் பிள்ளைக்கு முன்னால் பிறந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் மெதுவாகக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஏற்றுவது பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டு வரை. விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரை நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஆங்கில எழுத்திலிருந்து கணினி தமிழுக்கு மாற்றினால் ண, ன, ந மூன்றும் ஒரே எழுத்துதான் அதற்கு. "உன்னாமலை" என்று அச்சாகி வரும். கையெழுத்துப் போடும் முன் சரிபார்ப்புத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு மொழியிலும் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.