கார் சூடானபின் மட்டும் வந்த நடுக்கம்: என் அனுபவம்

20 ஆண்டு ஓடிய என் பெட்ரோல் கார், காலையில் சீராகக் கிளம்பி, சென்னை கத்திப்பாரா அருகே சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங் வரை நடுங்கியது. ஐடில் வேகம் (வண்டி நிற்கையில் இன்ஜின் சுழலும் வேகம்) நிமிடத்துக்கு 500 சுற்றுக்கும் 1100 சுற்றுக்கும் இடையே ஊசலாடியது; ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் நடுக்கம் மறைந்தது.

ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தேன், ஐடில் வேகத்தைச் சீராக்கும் வால்வையும் கழற்றிக் கழுவினேன். நான்கு நாட்கள் கழிந்தும் பலன் இல்லை. கசிவு இருந்தால் ஓசை மாறும் என்பதால், கார்புரேட்டர் கிளீனரை இன்ஜினின் உறிஞ்சுவிசை செல்லும் வேக்கம் குழாய்கள்மீது தெளித்தும் இன்ஜின் ஓசை மாறவில்லை. ஆனால் அந்தச் சோதனையை நான் குளிர்ந்த இன்ஜினில் செய்திருந்தேன் என்பதே பிழை.

ரேடியேட்டர் மின்விசிறி இருமுறை சுழன்று நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டு, மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய இடுக்கியால் அழுத்திப் பார்த்தேன். இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு எண்ணெய் ஆவியைக் கொண்டு செல்லும் பி.சி.வி. குழாயை மேனிஃபோல்டு முனையருகே அழுத்திய கணமே இன்ஜின் அமைதியானது. கழற்றிப் பார்த்தால் மேற்புறம் புதிதுபோல் இருந்தது. வளைவின் அடிப்புறத்தில், எண்ணெய் ஆவியில் ஊறிக் களிபோல் இளகிய ரப்பரில், நகக்கண் அளவு பிளவு. குளிரில் மூடிக்கிடந்த அது, சூட்டில் விரிந்து, சென்சார் அளவிடாத காற்றை உள்ளே விட்டிருக்கிறது. ஐடிலில் உறிஞ்சும் விசை மிகுதி, காற்றோட்டம் குறைவு என்பதால் சிறு கசிவும் அங்கேதான் பெரிதாகத் தெரியும்.

சென்னை ஜி.பி. சாலை உதிரிபாகக் கடையில் எண்ணெய் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்கி, இரு முனைகளிலும் புதிய கிளாம்ப் இட்டேன். சாதாரணத் தண்ணீர்க் குழாய் விரைவில் இளகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். இப்போது ஏ.சி. இல்லாமல் ஐடில் 800இல் அசையாமல் நிற்கிறது. மிகவும் நிம்மதியாக இருக்கிறது.