கடலோரத்து மரங்களை விதையிலிருந்து வளர்க்க

மரக்காணத்திலிருந்து வேதாரண்யம் வரை கடலை ஒட்டிய ஊர்களில் மரம் வைக்கலாம் என்று நர்சரிக்குப் போனால் கண்ணில் படுவதெல்லாம் குல்மோகரும் தூங்குமூஞ்சியும்தான். ஒன்று மடகாஸ்கர்காரர், இன்னொன்று தென் அமெரிக்காக்காரர். நிழல் தரும், பூக்கும், எல்லாம் சரி, ஆனால் 2016 வர்தா புயலுக்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் வேரோடு சாய்ந்து கிடந்தவற்றில் இந்த மாதிரி வந்த மரங்கள்தான் நிறைய.

இந்தக் கரைக்கென்றே ஒரு காடு உண்டு. ரொம்ப உயரம் போகாது, தடித்த இலை, சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். வெட்டி அழித்தது போக மிச்சம் ஐயனார் கோயில் காடுகளில் இருக்கிறது, புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு மாதிரி. வீரை, காசான், பாலை, காட்டு எலுமிச்சை, கருங்காலி எல்லாம் இந்தக் காட்டு மரங்கள். கன்றாகக் கிடைப்பது அபூர்வம், விதை பொறுக்கித்தான் ஆக வேண்டும். கோயில் காடு என்றால் முதலில் பூசாரியிடம் கேளுங்கள். ஒரு குச்சி ஒடித்தாலும் தெய்வக்குத்தம் என்று நினைக்கும் ஊர்கள் உண்டு, அந்த நினைப்பால்தான் காடே தப்பியிருக்கிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் கீழே விழுந்ததை மட்டும் எடுங்கள், அதிலும் பாதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம்தான் பலரும் கோட்டை விடும் இடம். சதைப் பழத்து விதை காத்திருக்காது, நெற்று விதை காத்திருக்கும். வேம்பு, நாவல், இலுப்பை மூன்றும் முதல் ரகம். ஒரு ஆடியில் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி, காயவைத்து, டப்பாவில் பத்திரமாக மூடி வைத்துவிட்டு, புரட்டாசி கடைசியில் ஐம்பது பையில் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. மேல்சதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவி, நிழலில் ஆறவிட்டு, இரண்டு வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். நாவலுக்கு அந்த இரண்டு வாரம்கூட அதிகம், பழம் தின்ற கையோடு ஊன்றுவது உத்தமம்.

நெற்று விதைகளுக்கு நேர்மாறான தொல்லை, ஓடு தண்ணீரையே உள்ளே விடாது. சரக்கொன்றைக் காயை உடைத்துப் பாருங்கள், உள்ளே நாணயம் அடுக்கினதுபோல் தடுப்புத் தடுப்பாக, அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும் களி. விதையைக் கழுவி, ஒரு பக்க ஓரத்தை உப்புத்தாளில் தேயுங்கள், பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருக்கும். உப்பாததை மறுபடி தேய்க்கலாம். வாகைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைக் கொட்டி மறுநாள் வரை விட்டால் போதும். அடுப்பின் மேல் வைத்துக்கொண்டே போட்டால் விதை வெந்துவிடும்.

புங்கத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், இரண்டு வாரத்தில் தானே எழும். புன்னைக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஓட்டோடு ஊன்றினால் இரண்டு மாதம்கூட ஆகும், உள்பருப்பு நசுங்காமல் ஓட்டைத் தட்டி எடுத்துவிட்டால் மூன்று வாரம்.

பைக்கு செம்மண், மணல், மட்கிய சாணம் மூன்றும் சம பங்கு. பை அகலமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது, ஆணிவேர் அடியில் சுருண்டுவிட்டால் பிற்காலத்தில் காற்றுக்கு நிற்காது. ஆறடிக் கன்றைப் பார்த்து மயங்காதீர்கள், ஒன்றரை அடிக் கன்று அதைவிடச் சீக்கிரம் வேர் பிடிக்கும்.

நடுவது ஐப்பசியில். இந்தக் கரைக்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான், ஆடி மாதத்து ஒரு மழையை நம்பி நட்டால் ஆவணி வெயிலுக்குக் குடம் தூக்கியே இடுப்பு போய்விடும். இரண்டு நல்ல மழை பெய்து, ஒரு முழம் ஆழத்தில் கையை விட்டால் மண் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். புங்கத்தை அந்த வருடமே நடலாம், மற்றதை அடுத்த ஐப்பசி வரை பையில் வளர்ப்பது பாதுகாப்பு. பாலை, வீரை இரண்டும் ஆமைவேகம், வருடத்துக்கு ஒரு சாண் ஏறினாலே சந்தோஷப்படுங்கள்.

எதை எங்கே என்பதும் முக்கியம். உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்துக்குப் புன்னை, பூவரசு, தாழை. வெறும் மணல்மேடு என்றால் முதலில் அடம்பங்கொடியைப் படரவிடுங்கள், மணல் பறப்பது நிற்கும். மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு நாவலும் நீர்மருதும்.

முதல் கோடையில் வாரத்துக்கு ஒரு குடம், அடியில் சருகு மூடாக்கு. அடுத்த கோடையில் பதினைந்து நாளைக்கு ஒன்று போதும். ஆடு கன்றைக் கடிக்காமல் இருக்கச் சுற்றிலும் களா முள்ளோ சூரை முள்ளோ வெட்டிக் கட்டுங்கள், மூன்றடி உயரம் போதும் என்று நினைக்காதீர்கள், பின்னங்காலில் எழுந்து நின்று எட்டிக் கடித்துவிடும்.