அரங்கம் மூடியிருந்தாலும் கச்சேரி: சிறு சபாக்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்ததும், சென்னையில் கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்களின் கதவுகள் மூடின. அந்த டிசம்பரில் மியூசிக் அகாடமி தன் விழாவை இணைய வழியில் நடத்தியது. நகரத்துச் சபாக்கள் பல ஒன்றுசேர்ந்து ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்ற இணைய விழாவை நடத்தின. நாலைந்து தொண்டர்களை வைத்துக்கொண்டு ஓடும் சிறு சபாவால் இது முடியுமா? முடியும். எங்கள் சபாவில் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். நோய்த்தொற்றுக்கு மட்டுமல்ல, டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாளுக்கும் இது உதவும்.

முதல் படி: எல்லோரையும் ஒரே மேடையில் உட்கார வையுங்கள்

பாடகர் அடையாறில், மிருதங்கம் தாம்பரத்தில், வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நடக்காது. மேடையில் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவரின் ஒலி 6 மில்லிசெகண்டில் காதுக்கு வந்துவிடும். வீடியோ அழைப்பில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாவது சாதாரணம். தாளம் நிற்காது. ஒருவர் பாடிப் பதிவு செய்து அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டு வாசித்துச் சேர்ப்பது ஒரு வழிதான். ஆனால் அதில் பாடகர் அந்த நேரக் கற்பனையில் போடும் கல்பனா ஸ்வரமும் வயலினின் பதிலும் ஒன்றையொன்று தூண்டாது. பயணமே கூடாது என்ற நிலை வந்தால், தனி வீணையோ விளக்க உரையோ வையுங்கள்.

முதல்முறை செய்பவர்களுக்கு என் யோசனை: நேரலை வேண்டாம். ஒரே மூச்சில் பதிவு செய்து, அறிவித்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஓடும் யூடியூப் பிரீமியராக வெளியிடுங்கள். ரசிகர்கள் ஒன்றாகவே பார்ப்பார்கள். உங்களுக்கும் பதற்றம் இருக்காது.

இரண்டாம் படி: ஒலி

உங்கள் உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும். படம் கொஞ்சம் மங்கினால் ரசிகர் பொறுத்துக்கொள்வார். ஒலி கரகரத்தால் எழுந்து போய்விடுவார்.

எங்கள் முதல் நிகழ்ச்சியை வீடியோ அழைப்புச் செயலி வழியாக அனுப்பினோம். பத்து நிமிடத்தில் ஒரு மாமியின் போன்: “தம்பி, சுருதிப் பெட்டி போடவே இல்லையா?” மேடையில் அது பாடிக்கொண்டுதான் இருந்தது. விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் தம்புரா நாதத்தை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அந்தச் செயலி அழித்துவிட்டது! இப்படிப்பட்ட செயலிகளில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, ‘ஒரிஜினல் சவுண்ட்’ போன்ற அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். இசைக்கு இது கட்டாயம்.

அடுத்தது மிக்சர். சின்ன அரங்கில் மிருதங்கமும் கடமும் நேரடியாகவே நன்றாகக் கேட்கும். அதனால் மைக் செட்காரர் ஸ்பீக்கரில் அவற்றைக் குறைத்தே வைப்பார். ஸ்பீக்கருக்குப் போகும் அந்த லைனை அப்படியே எடுத்துப் பதிவு செய்தால், மிருதங்கம் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல இருக்கும். மிக்சரில் ‘ஆக்ஸ்’ என்ற துணை வெளியீடு வழியாக, அளவைத் தனியாக மாற்றக்கூடிய ஒரு லைன் கேளுங்கள். இசை தெரிந்த ஒருவர் ஹெட்போனுடன் கதவு மூடிய அறையில் உட்கார்ந்து, அந்த லைனின் அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். அப்புறம், பத்து நிமிடப் பதிவை ஒரு சாதாரண போனின் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். நிறைய ரசிகர்கள் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

மூன்றாம் படி: கேமரா

ஸ்டாண்டில் இரண்டு போன்கள் போதும். ஒன்று முழு மேடைக்கு, இன்னொன்று நெருக்கத்துக்கு. இரண்டையும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கக்காரரின் விரல்களைக் காட்டாமல் பாடகர் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பது பெரிய குற்றம் என்பேன்.

விதிகள் அனுமதித்தால் ஐந்தாறு தொண்டர்களை இடைவெளி விட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். வெற்று நாற்காலிகளைப் பார்த்து ஆலாபனை செய்வது மிகவும் கடினம். தலையாட்ட நாலு பேராவது வேண்டும்.

நான்காம் படி: நேரலை என்றால்

நேரலையை அனுப்ப, கணினியில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் போதும். இணைப்பு வைஃபையில் வேண்டாம், கேபிளில் இருக்கட்டும். 720பி தரத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் அளவு தேவை. அப்லோடு வேகம் அதைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நிம்மதி. யூடியூபில் முதல்முறை நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். கச்சேரி நாள் காலையில் போய்த் திறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கலைஞர்களிடம் பேசுவது

காணொளி எத்தனை நாள் இணையத்தில் இருக்கும், கட்டணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அரங்கம் மூடியிருக்கும் காலத்தில் கலைஞர்களின் வருமானமும்தான் மூடியிருக்கிறது. “இணையம்தானே” என்று சன்மானத்தைக் குறைக்காதீர்கள்.

ஆறாம் படி: ரசிகர்கள்

சென்னையில் மாலை 6.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 9 மணி, டிசம்பர் டொரண்டோவில் காலை 8 மணி. அறிவிப்பில் மூன்றையும் போடுங்கள். லிங்க்கை முதல்நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு மணி நேரம் முன்னால் மறுபடி அனுப்புங்கள். இரண்டு தொண்டர்கள் போன் எடுப்பதற்காக மட்டுமே இருக்கட்டும். முப்பது வருடமாக முதல் வரிசையில் உட்காரும் ஒரு தாத்தாவுக்கு, எங்கள் தொண்டர் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று இருபது நிமிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் உருப்படியான வர்ணம் தொடங்கும்போது அவரும் வந்து சேர்ந்துவிட்டார்.

நேரலையில் கடைசிப் பாட்டான மங்களம் முடிந்ததும் ஒளிபரப்பைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். கைத்தட்டல் கேட்காத மேடை அது. ரசிகர்கள் திரையில் எழுதிய கருத்துகளில் பத்துப் பன்னிரண்டை ஒரு தாளில் எழுதிக் கலைஞர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் அதைப் படிக்கும் வரை கேமரா ஓடட்டும்.